ஈட்டி எறிதல்: தூரம் இடது காலில் இருக்கிறது

ஈட்டியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் தோள்பட்டையைத்தான் நம்புவார்கள். பலத்தையெல்லாம் கையில் கொட்டி வீசினால் ஈட்டி கொஞ்ச தூரம் போகும், தோள்வலிதான் மிஞ்சும். வலக்கைக்காரருக்குத் தூரம் தருவது இடது கால். (இடக்கைக்காரர்கள் கீழே வரும் இடது, வலதை மாற்றி வாசியுங்கள்.)

கணக்கு எளிது. ஈட்டி போகும் தூரம், அது கையை விட்டுக் கிளம்பும் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. வேகம் 10 விழுக்காடு ஏறினால் தூரம் சுமார் 21 விழுக்காடு ஏறும். 90 மீட்டர் எறிபவரின் ஈட்டி நொடிக்குச் சுமார் 30 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. தனிக் கை எவ்வளவு முயன்றாலும் இந்த வேகம் வராது. ஓடிவந்த உடம்பு சட்டென்று தடுக்கப்பட்டு, அந்த வேகம் இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, விரல் என்று சாட்டையில் ஏறுவது போல ஏற வேண்டும்.

முதலில் பிடி. ஈட்டித் தண்டில் பிடிப்பதற்காக உள்ள கயிற்றுச் சுற்றின் பின்விளிம்பில் கட்டைவிரலும் நடுவிரலும் பதியட்டும், ஆள்காட்டி விரல் தண்டை ஒட்டிப் பின்னால் நீளட்டும். பின்லாந்துப் பிடி இதுதான். கை சிறியதாக இருந்தால் நடுவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலை விளிம்பில் வையுங்கள். எந்தப் பிடியானாலும் உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும். ஈட்டி உள்ளங்கையில் சாய்வாகக் கிடக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் முன்கை விறைத்துவிடும்.

நின்று எறிவது, மூன்று அடியில் எறிவது, ஐந்து அடியில் எறிவது என்று படிப்படியாகப் போங்கள். முழு ஓட்டம் என்பது 10 முதல் 12 நேர் அடியும் கடைசி ஐந்து குறுக்கு அடியும் (உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்துப் போகும் அடி) சேர்ந்தது. ஐந்தடி சரியாக வராமல் ஓட்டத்தை நீட்டுவது வீண், கூடும் வேகத்தை இடது காலால் தாங்க முடியாது.

அந்த ஐந்தை இப்படி எண்ணுங்கள்: இடது, வலது, இடது, வலது, இடது. முதல் இரண்டு அடிக்குள் ஈட்டியைப் பின்னால் கொண்டுபோய்விட வேண்டும். கை நீண்டு தோள் மட்டத்தில் இருக்க, ஈட்டி முனை வலது புருவத்தின் பக்கத்திலேயே நிற்கட்டும். நான்காவது அடிதான் உயிர். இடது காலால் தரையை உந்தி, நீளமாக, ஆனால் தாழ்வாக வலது காலை வையுங்கள். அது தரை தொடுவதற்குள் இடது கால் அதைத் தாண்டி முன்னே போயிருக்க வேண்டும். அப்போதுதான் கடைசி இரண்டு அடியும் 'ட-டம்' என்று ஒட்டி விழும். 'டம்… டம்' என்று இடைவெளி கேட்டால் வேகம் அங்கேயே செத்துவிட்டது என்று அர்த்தம்.

இடது கால் குதிகால் முதலில் பட ஊன்றுகிறது, முழங்கால் நீண்டு நிற்கிறது. கீழே எல்லாம் நின்றுபோக, மேலே வலது இடுப்பு முன்னால் பாய்கிறது. மார்பு வில்லாக வளைகிறது. கை மட்டும் இன்னும் பின்னால் தங்கியிருக்கிறது. கடைசியில்தான் முழங்கை தோளுக்கு மேலாக முந்தி வர, கை அதைத் தொடர்கிறது. கால் ஊன்றியதிலிருந்து ஈட்டி கிளம்பும் வரை பத்தில் ஒரு பங்கு நொடியைச் சற்றே தாண்டும். நீரஜ் சோப்ரா எறிந்துவிட்டு முன்னால் விழுந்து கைகளை ஊன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நிறுத்திய காலின் மேல் உடம்பு தூக்கி எறியப்படுவதன் விளைவு அது.

இடது முழங்கால் மடங்குகிறதா? காலைத் திட்டாதீர்கள், நான்காவது அடியைப் பாருங்கள். உயரக் குதித்தால் வலது கால் எடையோடு இறங்கி அமுங்கிப்போகும், இடது கால் தாமதமாக வரும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, குதிக்காமல் கோட்டுக்குக் கோடு தாவிப் பழகினால் சரியாகும்.

முனை மேலே தூக்கிக்கொள்வது இன்னொரு தொல்லை. உள்ளங்கை தோளுக்குக் கீழே இறங்கினால் முனை ஏறும், அடிப்பக்கத்தில் காற்று மோதி ஈட்டி நின்று விழும். எறியும் கோணம் 32 முதல் 36 பாகை, முனையும் அதே திசையைப் பார்க்க வேண்டும். 1984-இல் கிழக்கு ஜெர்மனி வீரர் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். அத்தகைய தூரங்கள் மைதானத்தில் ஆபத்து என்பதாலும், பல ஈட்டிகள் தட்டையாக விழுந்து தீர்ப்பில் தகராறு வந்ததாலும், 1986-இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையம் 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் இன்றைய ஈட்டி தானாகவே முனை தாழ்கிறது. அதை ஈடுகட்ட முனையைத் தூக்கி எறிவது தவறான மருந்து. புதிய ஈட்டியில் செக் வீரர் யான் ஷெலெஸ்னி 1996-இல் எறிந்த 98.48 மீட்டர் இன்னும் உலக சாதனை.

எறிந்ததும் வலது கால் முன்னால் வந்து உடம்பைப் பிடிக்க இடம் வேண்டும். ஆகவே இடது கால், மிதிக்கக் கூடாத எறிகோட்டுக்கு 1.5 முதல் 2 மீட்டர் பின்னால் ஊன்றும்படி ஓட்டத்தின் தொடக்கக் குறியை வையுங்கள். இதை அளக்காமல் போட்டிக்குப் போனால் நல்ல எறிதலெல்லாம் பவுலாகும்.

எடையில் அவசரம் வேண்டாம். ஆண்கள் 800 கிராம், பெண்கள் 600. 18 வயதுக்குட்பட்டோருக்கு 700, 500. தொடங்குபவர்கள் ஒரு பயிற்சியில் 20 முதல் 30 முறை எறிந்தால் போதும், அதிலும் பாதி நின்று எறிவதாக இருக்கட்டும். மிச்ச வேலையை 2 கிலோ மெடிசின் பந்தை (பயிற்சிக்கான கனமான பந்து) இரு கைகளாலும் தலைக்கு மேலாக எறிந்து செய்யுங்கள்.

முழங்கை தோளுக்குக் கீழே விழுந்து பக்கவாட்டில் சுற்றி வரும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே நிறுத்துங்கள். முழங்கையின் உட்பக்கத் தசைநார் அதில்தான் நைந்துபோகிறது. நீரஜுக்கே 2019-இல் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது, அந்த ஆண்டின் உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. எறிந்த மறுநாள் அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஈட்டியைக் கீழே வையுங்கள். ஓட்டமும் குறுக்கு அடியும் வெறுங்கையோடு தொடரட்டும், வலி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.