புது வடிவ எஸ்.யூ.வி.யைப் பற்றிய ஆர்வலர் பேச்சை அளந்து பார்ப்பது எப்படி

பழகிய எஸ்.யூ.வி. ஒன்று புது உடம்போடு வந்து இறங்கினால், வண்டி மதுரை ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றிய தீர்ப்புகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. காளவாசல் பக்கம் வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், பழையதுதான் வண்டி என்று ஒருவரும், புதியதைத் தொட்டவர் பழையதைத் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று இன்னொருவரும் சத்தியம் செய்வதைக் கேட்கலாம். இரண்டு பேருமே பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எந்த வண்டியோடு ஒப்பிடுகிறார்கள், எந்தச் சாலையில் ஓட்டுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே வாங்க நினைப்பவர் எந்தப் பக்கம் சேர்வது என்று தேட வேண்டியதில்லை. கேட்கும் ஒவ்வொரு கருத்தையும் டேப்பாலோ சாலையாலோ அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வந்திருப்பது முகமாற்றமா, புதிய தலைமுறையா என்பதாகும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே மேளம்தான். கதவுகள், கூரை ஆகியவற்றின் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகள் மிகுந்த செலவு பிடிப்பவை என்பதால், முகமாற்றத்தில் நிறுவனங்கள் அவற்றைத் தொடுவதில்லை. விளக்கு, பம்பர், கிரில், உள்ளே திரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கின்றன. பக்கவாட்டுப் படத்தில் கதவின் கோடும், முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் பழையபடியே இருந்தால் அது முகமாற்றம். அதைப் பற்றிய சண்டையில் பெரும்பகுதி கண்ணுக்குப் பிடித்ததா இல்லையா என்பதோடு முடிந்துவிடும். 2020இல் இரண்டாம் தலைமுறை ஹூண்டாய் கிரெட்டா பிரிந்த முகவிளக்குகளோடு வந்தபோது ஆர்வலர்கள் செய்த கேலி கொஞ்சமல்ல. வண்டியோ விற்பனையில் முன்வரிசையை விட்டு இறங்கவே இல்லை. 2024 முகமாற்றத்தில் அந்த முகமும் போய்விட்டது. முகத்தைப் பற்றிய கருத்துக்கு ஆறு மாத ஆயுள் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

புதிய தலைமுறை என்றால் பேச்சில் சரக்கு இருக்கும். நம் ஊரில் அதிகம் அடிபடும் எடுத்துக்காட்டு மஹிந்திரா ஸ்கார்ப்பியோ. 2002இல் வந்த அந்த வண்டி, அரசியல் கட்சிக்காரர் முதல் மாட்டுத் தரகர் வரை எல்லோருடைய வாசலிலும் நின்றது. 2022 ஜூனில் 'ஸ்கார்ப்பியோ என்' (Scorpio N) என்ற புதிய தலைமுறை வந்தபோது எழுந்த முதல் புலம்பல், 'உயரம் போச்சு, கம்பீரமும் போச்சு' என்பதுதான். இதை அளவாக மாற்றிப் பார்ப்போம். இன்றும் கிளாசிக் என்ற பெயரில் விற்கும் பழைய வடிவத்தின் உயரம் 1995 மி.மீ.; புதியதன் உயரம் 1857 மி.மீ. ஏறத்தாழ 14 செ.மீ. குறைந்திருப்பது உண்மை. ஆனால் அகலம் 1820இலிருந்து 1917 மி.மீ. ஆகவும், நீளம் 4456இலிருந்து 4662 மி.மீ. ஆகவும் கூடியிருக்கின்றன. புலம்பியவர் இழந்த உயரத்தைச் சொன்னார். வளைவில் வண்டி சாயாமல் நிற்பதற்கு அந்த உயரக் குறைவும் அகலக் கூடுதலும் காரணம் என்பதைச் சொல்லவில்லை. பாராட்டியவரும் அந்த 10 செ.மீ. அகலம் மாசி வீதியில் ஆட்டோவுக்கு வழிவிடும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அத்தனை புலம்பலுக்கும் நடுவே, 2022 ஜூலை 30 அன்று முன்பதிவு தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். நிறுவனமும் பழையதைக் கைவிடாமல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி விற்கிறது. பழையதை விரும்புவோரின் குரலை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்து வருவது சட்டகச் சண்டை. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தனியே பொருத்துவது ஒரு முறை. உடலும் சட்டமும் ஒரே கூடாக அமைவது மோனோகாக் என்னும் இன்னொரு முறை. 1998இல் வந்த டாடா சஃபாரி முதல் வகை. 2021இல் அதே பெயரோடு திரும்பி வந்தது இரண்டாம் வகை, அதுவும் முன்சக்கர இயக்கம். 'டாடாவின் இன்னொரு வண்டியான ஹாரியருக்கு மூன்றாம் வரிசை போட்டுப் பழைய பெயரை ஒட்டிவிட்டார்கள்' என்று பழைய சஃபாரிக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கொதிப்பு உங்களைத் தொடுமா என்பது நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது. மழைக்காலத்தில் கரிசல் வயலுக்குள் இறங்கி ஏறுபவருக்கு நான்கு சக்கர இயக்கம் இல்லாதது பெரிய குறை. மாதம் இருமுறை நான்கு வழிச்சாலையில் சென்னைக்குப் போய் வருபவருக்குப் பழைய ஏணிச் சட்டத்தின் குலுக்கல்தான் குறை. மோனோகாக் என்றாலே காட்டுப் பாதைக்கு ஆகாது என்ற வாதத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2019இல் மோனோகாக் ஆக மாறியபோது ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். பழையது 500 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கியது என்றால், புதியது உடலை உயர்த்திக் கொடுக்கும் காற்று சஸ்பென்ஷனோடு 900 மி.மீ. வரை இறங்குகிறது.

'பழைய வண்டியின் தகடு கெட்டி' என்ற பேச்சைக் கேட்டால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கதவைத் தட்டிப் பார்த்துப் பாதுகாப்பைச் சொல்லும் வித்தை ஒன்று நம்மூரில் பரவலாக இருக்கிறது. 2016இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத பழைய ஸ்கார்ப்பியோ பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2022இல் ஸ்கார்ப்பியோ என் ஐந்து பெற்றது, குழந்தைகளுக்கான பாதுகாப்பில் மூன்று. தகட்டைத் தட்டுவதை விட்டுவிட்டு, 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள, இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பின் மதிப்பெண் அந்த வண்டிக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கான நட்சத்திரத்தைத் தனியே பாருங்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வடிவத்தைப் பற்றிய சில குறைகளுக்கு வடிவமைப்பாளர் பொறுப்பே அல்லர். பின்பக்கத்தைக் கத்தியால் நறுக்கியது போல இருக்கிறது என்று சிறிய எஸ்.யூ.வி.களைச் சொல்வது வழக்கம். நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்கும் மேற்படாமல் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அந்த எல்லையைத் தாண்டினால் 40 சதவீதம். வாலை நறுக்கியது வரி.

எல்லாப் பேச்சும் காற்றோடு போவதில்லை. 2024 ஆகஸ்ட் 15 அன்று மஹிந்திராவின் ஐந்து கதவுத் தார் ராக்ஸ் வெளியானபோது, உள்ளே வெள்ளை நிறத்தில் இருந்த இருக்கைகளைப் பார்த்துத்தான் முதல் கூச்சல் கிளம்பியது. மேலூர்ச் செம்மண்ணிலும் திருமங்கலம் கரிசலிலும் புழங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சில வாரங்களிலேயே நான்கு சக்கர இயக்க வகைகளுக்கு அடர் பழுப்பு இருக்கைகளும் கிடைக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. பயன்பாட்டிலிருந்து எழும் குறை இது; ஆறு மாதத்தில் மறையாது. ஆர்வலர் பேச்சைக் கேட்கும்போது இந்த வகைக் குறைகளை மட்டும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டிப் பார்க்கப் போக வேண்டும்.

போவதற்கு முன் வீட்டு கேட்டின் அகலத்தையும், தெரு திரும்பும் முனையின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். நிறுவனம் சொல்லும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சேர்வதில்லை. அவை விரிந்த நிலையில் எவ்வளவு என்பதை ஷோரூமிலேயே அளந்து பார்க்க வேண்டும். கேட் போதுமானதாக இருந்தும், எதிர்வீட்டுத் திண்ணை இடிப்பதால் மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்துத்தான் உள்ளே விட முடிகிறது என்று வருந்துகிறவர்கள் சிம்மக்கல் பக்கம் இருக்கிறார்கள்.

ஷோரூம்காரர் உங்களைத் தனியாக உட்காரவைத்து, நத்தம் சாலை மேம்பாலத்தில் வழுவழுவென்று ஓட்டிக் காட்டித் திரும்ப அழைத்து வருவார். அந்தச் சாலையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். வீட்டில் உள்ள அனைவரையும் அழைத்துப் போங்கள். உசிலம்பட்டிப் பக்கம் மாசிப் பச்சைக்குக் குலதெய்வம் கும்பிடப் போகும் குடும்பத்துக்கு வண்டி தேவைப்படுவது அரிசி மூட்டை, பாத்திரம், ஏழு பேர் ஆகியவற்றோடு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கத்தான். ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு அழகர்கோயில் சாலையின் கிளைச் சாலை ஒன்றில் திரும்பி, ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடைகள் மேல் ஏற்றுங்கள். தனியாளோடு இருந்த தரை இடைவெளி ஏழு பேரோடு இராது. அடி தட்டுகிறதா என்பதைக் காது சொல்லும். முதலில் மூன்றாம் வரிசையில் நீங்கள் உட்காருங்கள். முழங்கால் எங்கே வருகிறது, குளிர்காற்று அங்கே வருகிறதா, மூன்றாம் வரிசையை நிமிர்த்திய பின் பெட்டி வைக்க என்ன மிச்சம் என்று பாருங்கள். ஸ்கார்ப்பியோ என்னில் அந்த மிச்சம் மிகக் குறைவு. சேலை கட்டிய அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க முடிகிறதா என்பது, ஆர்வலர் பேச்சில் ஒருபோதும் வராத, நம் வீடுகளில் வண்டியின் விதியைத் தீர்மானிக்கும் சோதனை.

சோதனைக்கு நேரம் சித்திரை நண்பகல். கூரை முழுவதும் கண்ணாடி என்று பெருமை பேசும் வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, பிறகு ஏறி, உள்ளே எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். இரவில் ஒருமுறை ரிங் ரோட்டில் ஓட்டி, எதிரே லாரி வரும்போது முகவிளக்கு வெளிச்சம் சாலை ஓரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். மலைச்சாலைக்கு ஷோரூம் வண்டியைத் தரமாட்டார்கள். அதே வண்டி வைத்திருக்கும் உறவினரோடு திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறினால், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னிருக்கைக் குழந்தைக்கு வாந்தி வருகிறதா என்பதிலேயே சஸ்பென்ஷன் சண்டை தீர்ந்துவிடும்.

எப்போது வாங்குவது என்பதில் மட்டும் ஆர்வலர்களின் அவசரத்தைப் பின்பற்ற வேண்டாம். நான் ஒருமுறை புது வடிவம் ஒன்றின் முதல் தொகுதியிலேயே வாங்கினேன். நான்காம் மாதம் திரை இருண்டது. மென்பொருள் மாற்றம் வருகிறது, வருகிறது என்றே இரண்டு மாதம் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. திருமங்கலத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் சிரித்துவிட்டு, 'தம்பி, மொத ஈத்துக் கன்னுக்குட்டியச் சந்தையில வாங்கமாட்ட, வண்டிய மட்டும் வாங்குவியா?' என்றார். ஆறு மாதம் பொறுத்தால், ஆர்வத்தில் பேசியவர்களே உரிமையாளர்களாகி, மைலேஜும் சர்வீஸ் ரசீதும் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அவர்களிடம் உங்கள் தாளை நீட்டி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பிறகு முன்பதிவு. அறிமுக விலை எத்தனை வண்டிகளுக்கு, எந்தத் தேதி வரை என்பதையும், வண்டி வரும் நாளில் உள்ள விலையே பொருந்துமா என்பதையும், விலகினால் முன்பணம் முழுவதும் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்த வகையும் பதிவு செய்யும் வகையும் ஒன்றுதானா என்று சக்கர அளவு வரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஓட்டிக் காட்டும் வண்டி பெரும்பாலும் உச்ச வகையாகவே இருக்கும்.