கேம்பர்வேன்ல கடலோர ஊருக்குப் போனா, வண்டிய ஓரங்கட்டிட்டு ஊர நடந்து பாருங்க

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளயே இருக்குற கேம்பர்வேன்ல ரெண்டு மூணு நாள் ரோட்டுலயே கெடந்துட்டு ஒரு வளைவுல திரும்புறப்ப திடீர்னு கடல் தெரியும் பாருங்க, அப்ப மனசு நேரா தண்ணிகிட்ட போய் நிப்பாட்டுன்னு சொல்லும். அத மட்டும் கேக்காதீங்க. நான் ஒரு தடவ கேட்டேன். மேப் காட்டுன வழில துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய தெருவுக்குள்ள விட்டேன், போகப் போக தெரு சுருங்கிகிட்டே போகுது, ரெண்டு பக்கமும் பைக், மேல பால்கனி துருத்திகிட்டு நிக்குது, கடைசி முக்குல வண்டி திரும்பவே மாட்டேங்குது. மச்சான் எறங்கி பின்னாடி நின்னு "வா, வா, இன்னும் வா... டேய் நில்லு!"ன்னு கத்த, ஜன்னலுக்கு ஜன்னல் ஆளு வேடிக்கை பாக்க, முழு தெருவையும் ரிவர்ஸ்லயே வந்து முடிச்சேன். ஒரு சைடு மிரர் காலி.

துறைமுக ஊர்கள்ல பழைய பகுதி எல்லாம் கார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி உருவானது, ஆளும் வண்டிமாடும் போறதுக்குப் போட்ட தெரு அது. அதனால ஊருக்கு வெளியவே, பஸ்சோ ரயிலோ நடந்து போய் ஏறுற தூரத்துல, சமதரையா ஒரு எடம் பாத்து வண்டியப் போட்டுருங்க. மொதல் நாள் ராத்திரியே மேப்ல சாட்டிலைட் வியூ போட்டு அந்த எடத்தப் பாத்து வைங்க, உள்ள நுழையுற வழி எவ்ளோ அகலம், திரும்ப எடம் இருக்கா, வழிக்கு மேல மரம் கவிஞ்சிருக்கான்னு தெரிஞ்சிரும். உசரம்தான் பெரிய வில்லன். ஹை ரூஃப் வேன் 2.6 மீட்டருக்கு மேல வரும், மேல ஃபேன், சோலார் பேனல் வெச்சிருந்தா இன்னும் கூட, ஆனா மாடி பார்க்கிங், அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்ல எல்லாம் பெரும்பாலும் 2 மீட்டர் சொச்சத்துல இரும்புக்கம்பி தொங்கும். டேப் வெச்சு நீங்களே அளந்து, உசரம் நீளம் வெயிட் மூணையும் மீட்டர்லயும் அடிலயும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி ஸ்டியரிங் முன்னாடி ஒட்டிருங்க, போர்டப் பாத்ததும் யோசிக்க டைம் இருக்காது.

வண்டிய விட்டாச்சா, இப்ப எங்க எப்ப போறதுன்னு லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி டைட் டேபிள், அதாவது கடல் தண்ணி ஏறி எறங்குற நேரம் போட்ட அட்டவணையப் பாருங்க. நெறைய கரைல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணி ஏறி ரெண்டு தடவ எறங்கும், ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் நடுவுல சுமார் 6 மணி 12 நிமிஷம், அதனால டைமிங் தெனமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும். நேத்து 10 மணிக்கு நடந்து போன பாறைக்கு இன்னிக்கும் அதே 10 மணிக்குப் போகலாம்னு நெனைக்காதீங்க. அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் அதிகம் எறக்கமும் அதிகம். இன்னொண்ணு, தண்ணி ஒரே சீரா ஏறாது, மொத ஒரு மணி நேரம் சும்மா லேசா ஏறும், நடுவுல ரெண்டு மணி நேரத்துல மட்டும் பாதி ஒசரம் ஏறிரும். ஆளுங்க மாட்டிக்கிறது அங்கதான். எறக்கத்துல நடந்து போற மாதிரி தீவு, குகை, பாறைக்குளம் ஏதாச்சும் இருந்தா தண்ணி எறங்கிகிட்டு இருக்கும்போதே கெளம்பி, அடிமட்டத்துக்கு வந்ததும் திரும்பிருங்க. எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு கெடையாது, மத்தியத்தரைக் கடல் ஓரம் பல எடத்துல ஏத்த எறக்கம் கண்ணுக்கே தெரியாது, கனடால ஃபண்டி வளைகுடால 16 மீட்டர் வரைக்கும் போகும்.

மணல்ல வண்டிய எறக்கலாமான்னு கேப்பீங்க. வேணாம். ஈர மணல் கெட்டியாத்தான் தெரியும், 3 டன் வண்டி பத்து நிமிஷம் நின்னா மெதுவா உக்காரும். கரைல கடல்பாசி, குச்சி, சிப்பி எல்லாம் ஒதுங்கி ஒரு கோடு மாதிரி கெடக்கும்ல, அதுவரைக்கும் தண்ணி வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். படகு எறக்குற சரிவு காலியா இருக்கேன்னு அதுலயும் போடாதீங்க, விடியக்காலைல வந்து கதவத் தட்டுவாங்க, தட்டுறவங்க நல்ல மூடுல இருக்க மாட்டாங்க.

ஊர் சுத்த விடியல் நேரம்தான் என்னோட சாய்ஸ். துறைமுகத்துல ஆரம்பிங்க, பெரும்பாலும் ஊர் தொடங்குன எடமே அதுதான், அங்கேருந்து மேல ஏறி ஏறிப் போங்க. வழி தப்பினா மேப்பத் தேட வேணாம், எறக்கத்தப் பாத்து நடந்தா பல ஊர்ல மறுபடி தண்ணிகிட்டயே கொண்டுவந்து விட்டுரும். முற்பகல் தாண்டுனதும் தரை சூடாகி கடல்லேருந்து காத்து அடிக்க ஆரம்பிக்கும், மத்தியானத்துக்கு மேல நல்லா வீசும், அப்ப பீச்ல மணல் கண்ணுல அடிக்கும், அந்த நேரத்த பின்தெரு, மியூசியம், மார்க்கெட்டுக்கு வெச்சுக்கோங்க. குளிக்கணும்னா பாதி செவப்பு பாதி மஞ்சளா இருக்குற ரெண்டு கொடிக்கும் நடுவுல மட்டும் எறங்குங்க, லைஃப்கார்டு பாக்குற எடம் அதுதான். அலையே ஒடையாம அமைதியா ஒரு பட்டை தெரிஞ்சா அது நல்ல எடம்னு ஏமாறாதீங்க, உள்ள இழுக்குற நீரோட்டம் பல நேரம் அப்படித்தான் தெரியும். மாட்டிகிட்டா கரையப் பாத்து நீந்தி மூச்சு வாங்காம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்கு வாங்க.

பீச் பார்க்கிங்ல ஒரு பகல் போட்டே ஆகணும்னா உள்ள ஒண்ணுமே வெளிய தெரியக்கூடாது. சார்ஜர் வயர் கூட. குளிக்கப் போறவன் சாவிய டயருக்கு மேல வெச்சுட்டுப் போவான்னு திருடனுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும்.

ராத்திரி தூங்குறப்ப வண்டியோட மூக்க காத்தப் பாத்து நிறுத்துங்க, பக்கவாட்டுல அடிச்சா தொட்டில் மாதிரி ஆடிகிட்டே இருக்கும், ஸ்லைடிங் டோரத் தொறந்தா மணல் பூரா மெத்தைல. குளுருதுன்னு எல்லாத்தையும் மூடிட்டு அடுப்பப் பத்த வெச்சு சூடு ஏத்தாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளக் கொன்னுரும், அதுக்கு ஒரு அலாரம் கட்டாயம் மாட்டுங்க. தூக்கம் வரலையா, கலங்கரை விளக்கம் தெரிஞ்சா ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் எத்தன செகண்டுன்னு எண்ணிப் பாருங்க, பக்கத்துப் பக்கத்து விளக்கு ஒரே தாளத்துல வெட்டாது, ராத்திரில கப்பல்காரங்க எது எந்த விளக்குன்னு கண்டுபிடிக்கிறதே அத வெச்சுத்தான்.

பாத்திரம் கழுவுன தண்ணிய ரோட்டோர மழைநீர் கால்வாய்ல விடாதீங்க, பல ஊர்ல அது சுத்திகரிப்புக்கெல்லாம் போகாம நேரா கடலுக்குத்தான் போகும், காலைல நீங்க கால் நனைச்ச அதே தண்ணி. டாய்லெட் கேசட்டும், அதான் வண்டி டாய்லெட்டுல கழிவு சேருற பெட்டி, அதுக்குன்னு இருக்குற எடத்துல மட்டும். ஊர விட்டுக் கெளம்புனதும் மொத வேலையா வண்டிய நல்ல தண்ணில அடிங்க, மேல இல்ல, அடில. சக்கர வளைவு, கதவுக் கீல், ஸ்லைடிங் டோர் தண்டவாளம், உப்பு ஒளிஞ்சுக்கிறது அங்கதான். சோலார் பேனலையும் ஒரு தொட தொடச்சிருங்க.

அப்புறம், ரெண்டு நாள் கடலோரமா நின்ன வண்டிய எடுக்குறப்ப பிரேக் டிஸ்க் ஆரஞ்சு கலர்ல துரு பூத்திருக்கும், கரகரன்னு சத்தமும் போடும். பயப்படாதீங்க, மேலாப்புல படிஞ்ச துரு, மெதுவா நாலஞ்சு தடவ பிரேக் புடிச்சா போயிரும். அதுக்கப்புறமும் கத்துச்சுன்னா ஹைவே ஏறாதீங்க, மெக்கானிக்கப் பாருங்க.