பிள்ளைக்குப் பழைய பேஸ் கிட்டாரா? முதலில் நெக்கைப் பாருங்கள்

என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. போன மே மாதம் "மாமா, எனக்கு பேஸ் படிக்கணும்" என்று வந்து நின்றாள். தடித்த கம்பியும் கனத்த கீழ்ச்சுரமும் உள்ள கிட்டார்தான் பேஸ். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குழித்துறைப் பக்கம் இது அதிசயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போனாலும் கீபோர்டு, டிரம்ஸ், ஓர் ஓரத்தில் பேஸ் என்று இருக்கும். நானும் பகலில் ரப்பர் ஷீட் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமை பேஸ் என்று இருபது வருடத்தை ஓட்டிவிட்டேன்.

நான் முதலில் வாங்கியதும் பழையதுதான். நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து, வளைந்திருந்தது. நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இடையே பென்சில் நுழையும். அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்னிப்போகும், ஆனாலும் சுருதி சேராது. எனக்குக் கை வராது என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் வேறொரு அண்ணனின் பேஸைக் கையில் வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. படிக்கிற பிள்ளைக்குக் கோளாறு கருவியிலா விரலிலா என்று தெரியாது. தன் விரல்தான் சரியில்லை என்று எடுத்துக்கொள்ளும். அதனால் கூடப் போகிற பெரியவர்தான் பார்த்துத் தர வேண்டும். வாசிக்கத் தெரியாத அப்பா அம்மாவும் இதைச் செய்யலாம்.

முதலில் அளவு. சாதாரண பேஸில் நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பி தங்கும் இடம்) பிரிட்ஜ் (உடலில் கம்பி தங்கும் இடம்) வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் ஷார்ட் ஸ்கேல் என்றும் உண்டு. ஐபனீஸ் கம்பெனியின் மைக்ரோ என்ற சின்ன பேஸ் 28.6 அங்குலம்தான். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டுக்கும் நாலாவது ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 13 செ.மீ., 30 அங்குலத்தில் 11.5 செ.மீ. கேட்கச் சின்ன வித்தியாசம், சின்னக் கைக்குப் பெரிய வித்தியாசம். பிள்ளையைக் கூட்டிப் போங்கள், நாற்காலியில் உட்காரவைத்து மடியில் கொடுங்கள். எங்கள் பிள்ளை முதலில் "எனக்க வெரலு எட்டல மாமா" என்றாள். அந்த இடத்தில் நாலு ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியதில்லை, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடி, மீதிக்குக் கையை நகர்த்து என்று காட்டினேன். எட்டியது. அப்படியும் தோள் தூக்கிக்கொண்டு மணிக்கட்டு மடங்கினால் ஷார்ட் ஸ்கேல் தேடுங்கள்.

நாலு கம்பி போதும். சபையில் பெரியவர்கள் ஐந்து கம்பி வைத்திருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அதைக் கேட்பார்கள். நெக் அகலம், எடை அதிகம், வாசிக்காத கம்பி அதிராமல் அடக்கிவைக்க வேண்டிய வேலையும் கூடும். அது பிறகு.

இனி நெக். இங்கேதான் அவசரப்படக் கூடாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மரம் ஈரத்தைக் குடித்துக் குடித்து உலரும். ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கிய பேஸ் எப்படி இருக்கும் என்று போட்டோவில் தெரியாது.

ஆசாரி பலகையை ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அதுபோல கம்பியை முறுக்கும் ஹெட் பக்கத்திலிருந்து நெக்கின் விளிம்பை உடல் வரை பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் அது முறுக்கு. முறுக்கைச் சரிசெய்யும் செலவில் வேறு பேஸே வாங்கலாம். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முன்பக்க வளைவு வேறு விஷயம். சுருதி சேர்த்த பிறகு, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே மெல்லிய இடைவெளி தெரியும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு நல்லது. அதைவிட மிக அதிகமானாலும், இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடந்தாலும் நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். அது சாதாரண வேலைதான், ராட் திரும்பினால். களியக்காவிளையில் ஒரு வீட்டில் மினுமினுவென்று ஒரு பேஸ் பார்த்தோம். எல்லன் சாவியை (அறுகோண முனைச் சாவி) ராட்டில் போட்டு ஒரு கால் சுற்று திருகிக் காட்டச் சொன்னேன். உள்ளே சாவி வழுக்கியது, திருகும் முனை தேய்ந்து போயிருந்தது. வேண்டாம் என்று எழுந்துவிட்டோம். நீங்களும் திருகிக் காட்டும்படி உடைமைக்காரரிடமே கேளுங்கள், நீங்கள் திருகாதீர்கள்.

அப்புறம் நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்துக் கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். கரகரவென்று இரைந்தால் எந்த ஃப்ரெட் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இடம் என்றால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஜி கம்பியில் (நாலில் மிக மெல்லியது) 5 முதல் 7 வரை உள்ள ஃப்ரெட்டுகளில் ஏதோ ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அடங்குவது நல்ல பேஸ்களிலும் உண்டு, அதற்காக ஒதுக்காதீர்கள். ஃப்ரெட்டின் மேல் கம்பி பதிந்து ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் யோசியுங்கள். பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கீறினால் பிள்ளை கைக்கு ஆகாது.

மின்சாரப் பகுதியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். உங்கள் கேபிளையே கொண்டுபோங்கள். ஜாக்கில் செருகி லேசாக ஆட்டுங்கள், வால்யூம், டோன் குமிழ்களை முழுக்கத் திருப்புங்கள். கரகரப்பு, மின்பகுதிக்கான கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு, தொட்டதும் கூடினால் எர்த் வயரில் கோளாறு. பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரி புதிதாக ஒன்று பையில் இருக்கட்டும். முதல் பேஸுக்கு பேட்டரி இல்லாத பாசிவ் போதும் என்பது என் எண்ணம். பிள்ளைகள் கேபிளைக் கழற்ற மறப்பார்கள், கழற்றாவிட்டால் பேட்டரி தீரும்.

பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று முதலில் தின்பது அதைத்தான். கம்பி துருப்பிடித்திருந்தால் கவலை இல்லை, எப்படியும் மாற்றப்போகிறோம்.

கடைசியில் எங்களுக்குக் கேரளத்தில், நெய்யாற்றின்கரையில் கிடைத்தது. குழித்துறையில் பாசஞ்சர் ஏறினால் பாறசாலைக்கு அப்பால்தான். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, நாலு கம்பி, பாசிவ். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பையன், "குழப்பமில்லா சேட்டா" என்றான். மலையாளத்தில் அதற்குக் கோளாறு எதுவும் இல்லை என்று பொருள். அவன் உண்மையைத்தான் சொன்னான், ஆனாலும் மேலே சொன்ன அத்தனையும் பார்த்தேன். 12,000 கேட்டான். உடலில் பெயின்ட் பெயர்ந்திருந்ததைக் காட்டிக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, அது சத்தத்தைக் கெடுக்காது. புதுக் கம்பி, செட்டப் (வாசிக்கத் தோதாகக் கருவியைச் சரிசெய்வது) செலவு இரண்டையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். 9,500க்குக் கொடுத்தான். பழைய பில்லையும் வாங்கிக்கொண்டு, சீரியல் எண்ணையும் விலையையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பில் இல்லை என்பவரிடம் இந்தக் கடிதமாவது வாங்குங்கள்.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் பேஸிலேயே போட்டுவிடாதீர்கள். கம்பி, செட்டப், அகலமான ஸ்ட்ராப், டியூனர், ஹெட்போன் ஆம்ப் என்று இன்னும் மூவாயிரம் நாலாயிரம் ஒதுக்குங்கள். பேஸ் மூன்றரை, நாலு கிலோ இருக்கும், ஒல்லியான ஸ்ட்ராப் தோளை அறுக்கும். வீட்டில் டிவியோடு இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் சத்தமாகப் போடவேண்டாம். விரல் வைக்காமல் மீட்டும் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ் அதிர்வு, சின்ன ஸ்பீக்கர் அதைத் தாங்காது.

புதுக் கம்பி போட்டு ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி விசிட்டிங் கார்டை வைத்துப் பார்த்தோம். மழை பிடித்திருந்ததால் நெக் சற்று முன்னால் வளைந்திருந்தது. கால் சுற்றுக்கும் குறைவாக வலப்பக்கம் திருகி, ஒரு இரவு விட்டு, காலையில் மீண்டும் பார்த்தோம். இரண்டாவது முறை கார்டை அவளே பிடித்தாள்.