கன்றைக் கையில் கொடுத்து ஒரு போட்டோ: சிறப்புக் குழந்தைகளைச் சமூகப் பணியில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் மரம் நடும் விழா. குழியை முந்தைய நாளே ஆள் வைத்துத் தோண்டிவிட்டார்கள். அறிவுசார் குறைபாடுள்ள மாணவி ஒருத்தியை அழைத்து வந்து, கன்றைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தோம். மண்ணைத் தள்ள அவள் குனிந்தபோது, "யூனிஃபார்ம் அழுக்காயிடும், வாம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனது நான்தான். வகுப்பறை வாசல்வரை அந்தக் குழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிறப்பாசிரியர் வேலையில் நான் செய்த தவறுகளில் இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யூனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். பிள்ளைகளைக் கருவியாகப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ்ப்படிகள் மூன்றையும் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை. நான் பார்த்த நிகழ்ச்சிகளில் சிறப்புக் குழந்தைகள் பெரும்பாலும் அந்த மூன்று படிகளில்தான் நின்றார்கள். இப்போது எந்த நிகழ்ச்சியைத் திட்டமிட்டாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டால் ஏதாவது வேலை நிற்குமா? நிற்காது என்றால் நான் வேலையே கொடுக்கவில்லை.

அடுத்த தவறு, எதற்காக இறங்கிச் செய்வது என்பதை ஆசிரியர் அறையிலேயே முடிவு செய்துவிடுவது. பிள்ளைகளிடம் கேட்டோம் என்பவர்களும் "குப்பை பொறுக்கலாமா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளில் பலர் அப்படிக் கேட்டால் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். பெரியவர்கள் கேட்டால் ஆமா போட வேண்டும் என்று இத்தனை வருடமாகப் பழக்கியிருக்கிறோம். இரண்டு படங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். மறுநாள் படங்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் கேளுங்கள். இரண்டு தடவையும் அதே படத்தைத் தொட்டால் அது அந்தப் பிள்ளையின் தேர்வு. விரல் நீட்டினாலும் சரி, கண்ணால் காட்டினாலும் சரி, அதுவும் பேச்சுதான். இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, குழந்தைகள் தங்கள் கருத்தைச் சொல்வதற்கான உரிமையோடு, அதைச் சொல்லத் தேவைப்படும் உதவியையும் சேர்த்தே உறுதி செய்கிறது. படஅட்டை தயாரிப்பது நம் கடமை.

அப்படிக் கேட்டபோது எங்கள் பிள்ளைகள் காட்டியது ரேஷன் கடைப் படத்தை. நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வீல்சேரில் வரும் மாணவியை அவள் அம்மா கீழே ரோட்டோரம் விட்டுவிட்டுத்தான் படியேறுவாராம். வாசலில் சாய்தளம் இல்லை.

இங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. "இவங்களுக்கு அளக்க வராது, நாம அளந்து மனு எழுதிடலாம்" என்று ஒருவர் சொல்வார். அளக்க வரும், நாம் வேலையைப் பிரித்துக் கொடுத்தால். சாய்தளத்துக்கான விதி 1:12. படியின் உயரம் எவ்வளவோ, அதைப்போல் 12 மடங்கு நீளத்துக்காவது தளம் நீள வேண்டும். இதற்கு எண் வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பையன் படியின் உயரத்துக்கு நூலைப் பிடித்து வெட்டினான். இன்னொருத்தன் அந்த நூலைத் தரையில் நீட்டி வைத்தான். அது முடிந்த இடத்தில் வீல்சேர் மாணவி நீளக் குச்சியில் கட்டிய சாக்பீஸால் கோடு போட்டாள். 12 கோடு. இரண்டு படி சேர்ந்து 30 சென்டிமீட்டர் இருந்ததால் 360 சென்டிமீட்டர் வந்தது. ஒன்பதாவது கோட்டிலேயே ரோட்டுக்கு வந்துவிட்டோம். நூல் வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "லாரி வரும் சார்" என்றான். நேராகக் கட்ட முடியாது, சுவரோரமாகத் திருப்பித்தான் கட்ட வேண்டும் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். மனுவில் அந்த வரியைச் சேர்த்தோம்.

அன்று எனக்குக் கஷ்டமாக இருந்தது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். ஒரு பிள்ளை நூலைத் தேடித் தடுமாறும்போது எடுத்துக் கொடுக்க நம் கை தானாகப் போகும். கூட வரும் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் அப்படித்தான். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் எட்டு எண்ணுவதற்குள் அவர்களே செய்துவிடுகிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மைக்செட், மேளம், கோஷத்தோடு போகும் ஊர்வலத்தில் தள்ளிவிடுவதும் தவறு. சத்தம் அவர்களில் பலருக்கு வலி. முந்தைய நாள் அதே வழியில் ஒருமுறை நடத்திக் கூட்டிப் போங்கள். அன்றைய வேலைகளை வரிசையாகப் படத்தில் காட்டுங்கள், எது கடைசி என்பதையும் சேர்த்து. ஊர்வலமே வேண்டாம் என்றால் நோட்டீஸ் மடிக்கிற வேலையும் முழு வேலைதான்.

உண்டியலைக் கையில் கொடுத்து வசூலுக்கு அனுப்புவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். என்ன நல்ல நோக்கமாக இருந்தாலும், சில்லறை போடுகிறவர் கண்ணுக்கு அந்தப் பிள்ளையின் குறைபாடுதான் தெரியும். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் இவர்களை மேடையேற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை. தெருநாய்க்குத் தண்ணீர் வைப்பது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, பக்கத்துத் தெருப் பாட்டிக்கு மாத்திரை வாங்கி வருவது என்று ஊருக்குத் தேவையான எந்த வேலைக்கும் அவர்கள் வரலாம்.

கடைசியாக, பலனைக் கண்ணில் காட்டாமல் விடுவது. மனு கொடுத்தால் ஒரு ரசீது வரும், பிறகு மாதங்கள் ஓடும். செய்த வேலைக்கும் நடந்த மாற்றத்துக்கும் இடையே அவ்வளவு நாள் இடைவெளி விழுந்தால் பல பிள்ளைகளுக்குத் தொடர்பே அறுந்துவிடும். அதனால் பெரிய கோரிக்கையோடு, அன்றன்றே பலன் தெரிகிற சின்ன வேலை ஒன்றையும் சேர்த்து நடத்துங்கள். கோடையில் குருவிக்கு வைத்த சட்டியில் சாயங்காலம் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது. பெரிய கோரிக்கைக்குச் சுவரில் ஒரு படவரிசை ஒட்டுங்கள்: அளந்தோம், எழுதினோம், கொடுத்தோம், காத்திருக்கிறோம்.

எங்கள் சுவரில் இப்போது நாலாவது படம்தான். இதற்கிடையில் ரேஷன் கடைக்காரர் அந்த மாணவியின் குடும்பத்துக்கு மட்டும் அரிசியை எடை போட்டுக் கீழே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். நல்ல மனிதர். சரிதானே என்று அவளிடம் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, படஅட்டையில் கடையின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அக்டோபர் 2 கிராம சபைக்கு அவளும் அவள் அம்மாவும் வருகிறார்கள். நூலையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.