பழைய எம்ஜிபி வளைவில் அடம்பிடித்தால்

ஏப்ரல் சீசனில் நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்த சூட்டில், தன் பழைய எம்ஜிபி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டோகுரோஸில், அதாவது வளைவுகள் நிறைந்த சிறு தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டியில், இறக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு.

கார் திரும்பாமல் மூக்கு வெளியே ஓடுகிறதா? பின்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடச் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் எம்ஜிபியின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கில் (பட்டை வில்லில்) நிற்கும், இரு சில்லுகளையும் இணைக்கும் ஒரே அச்சு. பின்பக்கத்தை அப்படி இறுக்கினால் வளைவின் உள்பக்கச் சில்லு பாரமிழந்து சும்மா சுழலும். நானும் அப்படிக் காசைக் கரைத்தவன்தான். முன்பக்கப் பாரைத் தடிப்பாக்குங்கள். உடல் சாய்வது குறைந்து முன் டயர்கள் நிமிர்ந்து பிடிக்கும். 1974இல் வந்த ரப்பர் பம்பர் மாடல் சுமார் ஓர் அங்குலம் உயரம், அதற்கு இது இன்னும் அவசியம்.

அதற்கும் முன்னால் லீவர் ஷொக்கில் (இந்தக் காரின் பழைய பாணி அதிர்வுத் தணிப்பானில்) எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் மற்ற வேலையெல்லாம் வீண்.

டயர் காற்றைக் கொழும்பில் அடித்துவிட்டு வந்து அப்படியே ஓட்டாதீர்கள். குளிர் அழுத்தத்தைக் குறைக்கும், உயரம் மீட்டர் காட்டும் அளவைக் கூட்டும். ஓடும் இடத்திலேயே அளக்க வேண்டும். டயரின் தோளில் (தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் விளிம்பில்) சோக்கால் கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதாது. தோளே அழியவில்லை என்றால் கூடுதல். ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ மட்டும் மாற்றி, கொப்பியில் எழுதி வையுங்கள்.