பழைய சவரக்கத்தியைத் தேய்த்தெடுப்பது

ரங்கூன் மழைக்காலம் எஃகுக்குப் பகை. பெரியப்பா விட்டுப்போன, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர் சவரக்கத்தியை இப்படித்தான் மீட்டேன். முதலில் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கைப்பிடியில் கற்பூர வாசம் அடித்தால் அது செல்லுலாய்டு, சட்டென்று தீப்பற்றும் பழைய பிளாஸ்டிக்; நெருப்பருகே வேண்டாம்.

துருவுக்கு 600 எண், அப்புறம் 1000, 2000 எண் உப்புத்தாள் (எண் கூடக்கூட நைசு). தையல் மிஷின் எண்ணெய் விட்டு நீளவாக்கில் தேய்க்கவும். விரல் வாய்ப்பக்கம் போகக்கூடாது. ஆழமான கரும்புள்ளிகள் இருக்கட்டும், எனக்கு அவை பிடிக்கும்.

தீட்டும்போது முதுகும் (வாய்க்கு எதிரான தடித்த பக்கம்) வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகைத் தூக்கினால் கோணம் கெடும். 1000 எண் கல்லில் தொடங்கி 8000 வரை போங்கள். கல்லில் வாய் முன்னே செல்லும். கல்லுக்குப் பின் கத்தியை இழுக்கும் தோல்வாரில் முதுகுதான் முன்னே, இல்லையேல் வார் அறுபடும்.