பழைய பிக்கப்பில் கண்ணுக்குத் தெரியாத பாடி வேலை: ஓட்டை அடைப்பதில் ஆரம்பிக்கலாம்

பழைய பிக்கப்பை எடுத்தால் பெரிய பம்பர், கூரை மேல் லைட் வரிசை, கண்ணாடி நிறைய ஸ்டிக்கர் என்றுதான் பலரும் போகிறார்கள். நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிர்: வெளியே துருத்திக்கொண்டிருப்பதை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை அடையாளமே தெரியாமல் அடைப்பது. எங்களுடையது டாடா மொபைல் 206, அப்பா பல வருஷம் காசிமேட்டில் ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றின வண்டி. வேலை முடிந்து தண்டையார்பேட்டை டீக்கடை எதிரில் நிறுத்தினபோது ஒரு பழைய டிரைவர் ரெண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாகீது தம்பி, ஆனா இன்னா பண்ணேன்னுதான் தெர்ல" என்றார். எனக்கு அது போதும்.

முதலில் எதை எடுப்பது என்று முடிவு பண்ணுங்கள். எம்பளம், ஏரியல், பின்னால் லோடு ஏற்றும் தொட்டியின் வெளிப்பக்கத்தில் தார்ப்பாய் கட்டும் கொக்கிகள், யாரோ எப்போதோ போட்ட ஸ்க்ரூ ஓட்டைகள். எடுக்க நினைப்பதன் மேல் வண்டி நிறத்திலேயே டேப் ஒட்டி, ஒரு வாரம் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சில கொக்கிகள் இருந்தால்தான் அழகு என்று அப்போதுதான் புரியும். லோடு அடிக்கிற வண்டியென்றால் கயிறு கட்ட உள்பக்கமாவது கொக்கி வேண்டும், அதையும் யோசியுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள்.

அடுத்தது துரு, நம்ம பக்கம் இதுதான் முக்கால்வாசி வேலை. கடல் காற்று ஒரு பக்கம், மீன் ஐஸ் தண்ணீர் இன்னொரு பக்கம். கதவின் அடி, மட்கார்டின் உள்மடிப்பு, தொட்டித் தரையின் மூலைகள், எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மங்கினால் அந்த இடம் போச்சு. வெள்ளைத் தகடு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் எம்பளம் ஓட்டையை முன்பு ஒரு பட்டறையில் வெறும் பட்டியை (பள்ளம் நிரப்பும் பசை) அப்பி மூடியிருந்தார்கள், ஒரு மழைக்காலம் தாங்கியது, அப்புறம் கொப்புளம் விட்டு மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் பறித்த பள்ளம் ஒன்றில் மொத்தமாக உதிர்ந்துவிட்டது.

ஓட்டையைத் தகடு வைத்துத்தான் அடைக்க வேண்டும். 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மிமீ சிஆர் (கோல்டு ரோல்டு) இரும்பு ஷீட்டில் ஓட்டைக்குச் சரியாக உட்காரும் வில்லை வெட்டுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு செம்புத் துண்டை அண்டக்கொடுத்து, சிஓ2 வெல்டிங்கில் ஒரு புள்ளி வையுங்கள், அப்புறம் அதற்கு நேர் எதிரில் ஒன்று, பிறகு கை வைத்தால் சுடாத வரைக்கும் சும்மா இருங்கள். செம்பு வெல்டில் ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு வெல்டை வரிசையாக இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளியும், அதை டாலியும் (பின்னால் அண்டக்கொடுக்கும் இரும்புக் கட்டை) சுத்தியும் வைத்து நிமிர்த்த ரெண்டு நாள் போகும். கேஸ் வெல்டிங்கில் நெளிவு இன்னும் அதிகம்.

இதே சமயத்தில் கதவு இடுக்கையும் பார்த்துவிடுங்கள். மேலே 3 மிமீ, கீழே 8 மிமீ என்று இருந்தால் எத்தனை லட்சத்துக்குப் பெயிண்ட் அடித்தும் வண்டி கிழடாகத்தான் தெரியும். கீல் பின்னையும் ஷிம்மையும் (கீலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) சரி பண்ணி ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். என்னைக் கேட்டால் வண்டியின் தோற்றத்தை அதிகம் மாற்றுவது இந்த வேலைதான், ஆனால் யாரும் இதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள்.

பட்டி 2 மிமீக்கு மேல் வேண்டாம். 80, 180, 320 என்று பேப்பரை மாற்றிக்கொண்டே கட்டையில் சுற்றித் தேயுங்கள், வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். நடுவில் கறுப்பு ஸ்ப்ரேயை லேசாகத் தூவித் தேய்த்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு நிற்கும்.

பெயிண்டை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். காற்றில் ஈரம் ஏறினால் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும். பங்குனி வெயிலில், காலைப் பனி காய்ந்த பிறகு, மதியம் கடற்காற்று ஏறுமுன் அடித்துவிடுங்கள். பியூ (பாலியூரிதேன்) பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, மூக்கில் கர்ச்சீப் கட்டினால் எல்லாம் பத்தாது, வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வருகிற மாஸ்க் போடுங்கள்.

கடைசியாக வெல்டிங் வைத்த இடத்தின் பின்பக்கம்: துரு அங்கிருந்துதான் திரும்ப வரும். ப்ரைமர் அடித்து, காய்ந்ததும் மெழுகுக் கோட்டிங் தெளியுங்கள். தெளிக்கும்போது கதவின் அடியில் மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் சின்ன ஓட்டைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி இடுக்கில் ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு உள்பலகையை மாட்டுங்கள்.